மலைக்கோட்டை கட்டத்துக்கு வெளியே போய்விட்டது: 034 புலத்தில் டிகிரி-நிமிடமா, தசமமா?

கேள்வி: பட்டியலர், திருச்சி

வணக்கம். திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் 17 ஆண்டுகளாகப் பட்டியல் வேலை பார்க்கிறேன். எங்கள் கீழ்த்தளத்தில் இரண்டு இரும்பு அலமாரிகள் நிறைய இந்திய நில அளவைத் துறையின் நிலப்படத் தாள்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற பழைய அளவில் அச்சானவை. அதற்கும் முந்தைய, 1880களின் கால் அங்குலத் தாள்களும் கொஞ்சம் உண்டு. சிலவற்றுக்குப் பின்புறம் துணி ஒட்டியிருக்கிறது. மற்றவை மடிப்பில் கை வைத்தாலே பிரிகின்றன.

போன ஆடி மாதம் ஒரு பெரியவர் வந்தார். முசிறிப் பக்கத்துக்காரர். தம் ஊர் ஏரியின் பழைய கரை எந்த வழியாகப் போனது என்று பார்க்க வேண்டும் என்றார். எங்கள் பட்டியலில் தாள் எண் உண்டு, அச்சான ஆண்டு உண்டு, ஊர்ப்பெயர் கிடையாது. இரண்டு மணி நேரம் தாள் தாளாகப் புரட்டிய பிறகுதான் 58 ஜே/5 கைக்கு வந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தாளைத் தொட்டால் கெட்டுவிடுமோ என்று விரலை அரை அங்குலம் மேலே நிறுத்தி, கரையின் வளைவைக் காற்றிலேயே ஒருமுறை வரைந்து பார்த்தார். அந்த விரல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அன்றைக்கே முடிவு செய்தேன். ஒவ்வொரு தாளின் பதிவிலும் அதன் நான்கு எல்லைகளையும் ஏற்றிவிட வேண்டும். யாராவது தம் ஊரைத் திரையில் தொட்டால், அந்த ஊர் அடங்கிய தாள்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்க வேண்டும். நாங்கள் பயன்படுத்துவது கோஹா என்ற நூலக மென்பொருள்; பதிவுகள் மார்க் 21 என்ற பட்டியல் வடிவத்தில். அதில் எல்லைகளை எழுத இரண்டு புலங்கள்: 255 புலம் மனிதர் படிப்பதற்கு, 034 புலம் இயந்திரம் படிப்பதற்கு. 034-இல் மேற்கு எல்லை, கிழக்கு எல்லை, வடக்கு எல்லை, தெற்கு எல்லை என்ற வரிசையில் நான்கு துணைப்புலங்கள். இதுவரை எனக்குத் தெளிவு.

சிக்கல் அடுத்த படியில். அந்த நான்கு எண்களையும் எந்த வடிவில் எழுதுவது? திசைக்கு ஓர் எழுத்து, டிகிரிக்கு மூன்று இலக்கம், நிமிடத்துக்கு இரண்டு, வினாடிக்கு இரண்டு என்று இடைவெளியில்லாமல் எழுதலாம். தசம டிகிரியாகவும் எழுதலாம். மார்க் இரண்டையும் ஏற்கிறது. கோஹா நாம் தட்டியதை அப்படியே வைத்துக்கொள்கிறது.

பயிற்சிக்கு வந்த இரண்டு மாணவிகளிடம் முதல் 40 தாள்களைக் கொடுத்து, தசமத்தில் ஏற்றச் சொல்லியிருந்தேன். மாலையில் திரை வரைபடத்தில் சோதித்தேன். 58 ஜே/9 எங்கள் ஊர்த் தாள். மேற்கே 78°30′, கிழக்கே 78°45′, தெற்கே 10°45′, வடக்கே 11°00′. திரையில் வந்த கட்டத்துக்குள் குளித்தலை இருந்தது, மணப்பாறை இருந்தது. மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கமும் வெளியே நின்றன! பதிவைத் திறந்து பார்த்தால் 78.30, 78.45, 10.45, 11.00. டிகிரிக்கும் நிமிடத்துக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்ததுதான் பிள்ளைகள் செய்தது. 78°30′ என்பது 78.5. அவர்கள் எழுதிய 78.30 என்பது 78°18′. மேற்கு எல்லை 22 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அகலம் சுருங்கி, உயரம் இரண்டு பங்குக்கு மேல் நீண்டு, சதுரமாக இருக்க வேண்டிய தாள் கொடிக்கம்பம் போல் நின்றது.

பிள்ளைகள் மேல் குற்றமில்லை. எப்படி மாற்றுவது என்று நான்தான் உட்கார்த்திச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: தாளின் ஓரத்தில் அச்சாகியிருப்பதை அப்படியே டிகிரி-நிமிட-வினாடியாக எழுதிவிட்டால் இந்தத் தவறுக்கே இடமில்லை. ஆனால் திரை வரைபடத்துக்குத் தசமம்தான் வேண்டும் என்கிறார்கள். அதோடு, அந்த 1880களின் தாள்களில் பிற்பாடு மறுபடி அச்சான ஒன்றின் அடியில் தீர்க்கரேகைகளில் 2′27″ கழிக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. கழித்ததை ஏற்றுவதா, அச்சானதை ஏற்றுவதா? இந்த வேலையில் கை வைத்தவர்கள் வழி சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான தாள்களை இரண்டாம் முறை எடுத்துப் பார்க்கும் வலு அந்தக் காகிதங்களுக்கு இல்லை.

மறுமொழி 1: நூலக மென்பொருள் பராமரிப்பவர், கோயம்புத்தூர்

வணக்கம் மேடம். என் வாக்கு தசமத்துக்கு. ஆனால் கையால் தட்டும் தசமத்துக்கு அல்ல.

ஓர் எக்ஸெல் தாளைத் திறந்து, ஒவ்வொரு எல்லைக்கும் டிகிரி, நிமிடம், வினாடி என்று மூன்று தனித்தனிக் கட்டங்கள் வையுங்கள். மாணவிகள் தாள் ஓரத்தைப் பார்த்து அதில் நிரப்பட்டும். நிமிடத்தை 60-ஆலும் வினாடியை 3600-ஆலும் வகுத்து டிகிரியோடு கூட்டும் வேலையைச் சூத்திரம் செய்யும். அங்கிருந்து பதிவுக்குள் மொத்தமாக ஏற்றலாம். புள்ளி வைக்கும் வேலை மனிதக் கைக்கு வரவே கூடாது.

மாற்றும்போது துல்லியம் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். 20 நிமிடத்தைத் தசமமாக்கினால் 0.3333 என்று முடிவில்லாமல் போகிறதே என்பார்கள். நான்கு தசம இடத்தோடு நிறுத்திக்கொண்டால் ஏற்படும் பிழை அதிகபட்சம் 0.00005 டிகிரி. அது 0.18 வினாடி. அரை வினாடிக்கும் குறைவு என்பதால், திரும்ப வினாடியாக மாற்றினால் நீங்கள் தொடங்கிய அதே முழு வினாடிக்கே வந்து சேர்வீர்கள். எதுவும் தொலையாது.

நான்குக்கு மேல் போகவும் வேண்டாம். நான்காவது இடம் என்பது தரையில் ஏறக்குறைய 11 மீட்டர். ஆறாவது இடம் 11 சென்டிமீட்டர். மைலுக்கு ஓர் அங்குலத் தாளில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கோடு தரையில் 32 மீட்டரை மறைத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தாளின் எல்லையை ஆறு தசம இடத்துக்கு எழுதினால், காகிதத்தில் இல்லாத ஒன்றைப் பதிவில் சொன்னதாகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. 034-இல் வரிசை மேற்கு, கிழக்கு, வடக்கு, தெற்கு. திரை வரைபட நிரல்கள் பல மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு என்று கேட்கும். சில அட்சரேகையை முதலில் கேட்கும், சில தீர்க்கரேகையை முதலில் கேட்கும். நான் ஒருமுறை திருச்சியின் இரண்டு எண்களையும் இடம் மாற்றி அனுப்பிவிட்டேன். ஊர் ஸ்வால்பார்டு தீவுகளின் மேற்குக் கரையோரம் போய் உட்கார்ந்தது, வட துருவத்துக்கு 1,300 கிலோமீட்டர் தொலைவில். அந்த மாதிரிப் பிழை பார்த்தவுடன் தெரிந்துவிடும். உங்களுக்கு நேர்ந்த 22 கிலோமீட்டர்ப் பிழைதான் ஆபத்தானது, ஏனென்றால் அது கண்ணை உறுத்தாது.

அதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். மைலுக்கு ஓர் அங்குலத் தாள் ஒவ்வொன்றும் 15 நிமிடம் அகலம், 15 நிமிடம் உயரம். ஆகவே தசமத்தில் கிழக்கிலிருந்து மேற்கைக் கழித்தால் 0.25 வர வேண்டும். வடக்கிலிருந்து தெற்கைக் கழித்தாலும் 0.25. வராத வரிசைகளைச் சிவப்பாக்கிக் காட்டும்படி எக்ஸெலிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் கொடிக்கம்பம் அன்று காலையிலேயே சிக்கியிருக்கும்: 0.15-க்கு 0.55.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற நூலகர், சென்னை

அம்மா, அந்தப் பொடி எழுத்துக் குறிப்பைக் கவனித்தீர்களே, அதற்காகவே எழுத வந்தேன். பலர் அந்த ஓரத்தை மடித்துவிட்டுத்தான் பட்டியல் போடுகிறார்கள்.

2′27″ எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பதிலும் தெரிந்துவிடும். இந்தியாவின் தீர்க்கரேகைக் கணக்கு நம் சென்னையை நம்பி நின்றது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழும்பிய மதராஸ் வானாய்வகம் கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு கிழக்கே இருக்கிறது என்று வானத்தைப் பார்த்துக் கணித்தார்கள். 80°17′21″ என்ற மதிப்பை வைத்துக்கொண்டு மாபெரும் முக்கோணவியல் அளவீடு நாடு முழுவதும் வலை பின்னியது. 1802-இல் பரங்கிமலை அருகே ராணுவ அதிகாரி லாம்டன் அடிக்கோடு (முக்கோணங்கள் தொடங்கும் முதல் கோடு) அளந்து தொடங்கிய வேலையின் நீட்சி அது. பிறகு தந்திக் கம்பி வந்தது. இரண்டு ஊர்க் கடிகாரங்களை ஒரே நொடியில் ஒப்பிட முடிந்தது. பழைய மதிப்பு கிழக்கே தள்ளியிருக்கிறது என்று தெரிய வந்தது. கலியான்பூர் என்ற மூலப்புள்ளியின் தீர்க்கரேகையை 77°41′44.75″ என்பதிலிருந்து 77°39′17.57″ என்று மாற்றினார்கள். கழித்துப் பாருங்கள், உங்கள் 2′27″ வரும். அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்துக்குள் நிற்கிறது, தமிழிலும் எழுத்துப் பொறித்தது. நான் பணியில் சேர்ந்த ஆண்டில் ஒரு முறை போய்க் கையால் தொட்டுப் பார்த்தேன்.

திருச்சி அட்சரேகையில் 2′27″ என்றால் தரையில் நாலரைக் கிலோமீட்டர். ஏரி தேடி வருகிறவருக்கு நாலரைக் கிலோமீட்டர் என்றால் வேறு ஊர் ஏரி.

ஆகவே 034-இலும் 255-இலும் திருத்திய மதிப்பைத்தான் எழுத வேண்டும். பதிவில் வருவது உண்மையான கிரீன்விச் கணக்காக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் தாளில் அச்சானது என்ன, ஓரக் குறிப்பு என்ன சொல்கிறது, நீங்கள் எவ்வளவு கழித்தீர்கள் என்பதை 500 புலத்தில் ஒரு குறிப்பாக எழுதிவிடுங்கள். தாள் எல்லை 78°20′ என்று அச்சாகியிருந்தால் பதிவில் 78°17′33″ வரும். குறிப்பு இல்லாவிட்டால், பத்து ஆண்டு கழித்து உங்கள் நாற்காலியில் உட்காரும் பிள்ளை தாளையும் பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்து, நீங்கள் தவறாக எழுதியதாக நினைத்துத் 'திருத்தி' விடும். என் கண் முன்னாலேயே ஒரு நூலகத்தில் இப்படி நடந்தது.

எல்லாப் பழைய தாளுக்கும் 2′27″ என்று கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு தாளின் ஓரத்தையும் படியுங்கள். அது சொல்லும் மதிப்பே அந்தத் தாளுக்குச் சட்டம்.

இனி வடிவம். நான் டிகிரி-நிமிட-வினாடிக் கட்சி. கோவைத் தம்பியின் கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 034-இல் 78.2925 என்று பார்க்கும் பட்டியலருக்கு அது தாளின் எந்த மூலையைச் சொல்கிறது என்று விளங்காது. பட்டியலரின் கண்ணும் ஒரு சோதனைக் கருவி. அதைக் குருடாக்கக் கூடாது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். அந்த வடிவத்தில் அட்சரேகைக்கும் டிகிரி மூன்று இலக்கம். 10°45′ என்றால் வடக்குக்கான எழுத்தை அடுத்து 0104500. முன்னால் நிற்கும் பூஜ்யத்தை விட்டால் எல்லாமே ஓர் இடம் நகர்ந்துவிடும்.

மறுமொழி 3: ஆவண நூலகப் பணியாளர், புதுச்சேரி

எங்கள் கதை இன்னும் ஒரு படி மேலே. கையில் இருக்கும் பழைய பிரெஞ்சு நிலப்படங்கள் பாரிஸ் தீர்க்கரேகையிலிருந்து எண்ணுகின்றன. பாரிஸ் கிரீன்விச்சுக்குக் கிழக்கே 2°20′14″. கிரீன்விச் கணக்கில் 79°50′ கிழக்கில் இருக்கும் எங்கள் ஊர் அந்தப் படங்களில் ஏறக்குறைய 77°30′-இல் இருக்கிறது. அதை அப்படியே ஏற்றிய பதிவு ஒன்றைத் திரையில் பார்த்தேன்: கடலோரப் புதுச்சேரி, மாதேஸ்வரன் மலைக்குப் பக்கத்தில்! பழைய பிரெஞ்சுப் படங்கள் சிலவற்றில் வட்டத்தையே 360-க்குப் பதில் 400 பங்காகப் பிரித்திருப்பார்கள். ஒரு பங்கு 0.9 டிகிரி. எண்ணைப் பார்த்ததும் டிகிரி என்று நினைத்துவிடக் கூடாது. கேனரித் தீவுகளில் உள்ள ஃபெர்ரோத் தீவிலிருந்து எண்ணும் ஐரோப்பியப் படங்களும் உண்டு. அது பாரிஸுக்கு மேற்கே 20 டிகிரி என்று வைத்துக்கொண்ட கணக்கு.

ஆகவே நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டது இது. வேலைத்தாளின் முதல் கட்டத்திலேயே 'எங்கிருந்து எண்ணியது' என்று ஒரு கேள்வி. அதற்கு விடை எழுதாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது.

உங்கள் வடிவச் சண்டைக்கு எங்களிடம் ஓர் உடன்பாடு இருக்கிறது. 255-இல் டிகிரி-நிமிட-வினாடி, 034-இல் தசமம். ஒரே பதிவில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சென்னை ஐயா கேட்கும் கண் சோதனைக்கு 255 போதும். 034 திரும்ப வரக்கூடிய புலம் என்பதால், அதிலேயே இரண்டு வடிவங்களையும் இரண்டு முறை எழுதலாமே என்று எங்களில் ஒருவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். ஒரே இடத்துக்கு இரண்டு கட்டம் திரையில் விழும், எது மூலம் என்று பிறகு யாருக்கும் தெரியாது.

பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய கணக்கை வைத்துப் போட்ட தாள்களுக்கும், ஜிபிஎஸ் பயன்படுத்தும் இன்றைய டபிள்யூஜிஎஸ் 84 கணக்குக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பற்றியும் கேட்க நினைத்திருப்பீர்கள். உங்கள் பகுதியில் அது சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். தாளைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கட்டம். அதற்கு அது ஒரு பொருட்டில்லை. எந்தக் கணக்கு என்று குறிப்பில் ஒரு வரி போதும்.

மறுமொழி 4: பட்டியலர், திருச்சி (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதே வேலையாக இருந்தேன். எங்கள் நூலகருடன் பேசி எடுத்த முடிவை எழுதுகிறேன், இதே வேலையில் இறங்குகிற வேறு யாருக்காவது உதவட்டும்.

புதுச்சேரி வழியை எடுத்துக்கொண்டோம்: 255-இல் டிகிரி-நிமிட-வினாடி, 034-இல் நான்கு இடத் தசமம், ஒரே ஒரு முறை. முழு வினாடி எதுவும் தொலையாது என்று கோவைத் தம்பி காட்டிய கணக்குதான் என் மனத்தை மாற்றியது. அதுவரை தசமம் என்றாலே தாளுக்குத் துரோகம் செய்வது போல் எனக்கு ஓர் உறுத்தல் இருந்தது. கணக்கை 10 தாளுக்கு நானே போட்டுப் பார்த்தேன். எல்லாம் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தன.

சென்னை ஐயா சொன்னபடி 500 குறிப்புக்கு ஒரு நிலையான வாசகம் எழுதிவிட்டோம். அச்சான எல்லை, ஓரக் குறிப்பின் சொற்கள், கழித்த அளவு, கழித்த தேதி, இந்த நான்கும் அதில் வரும். ஓரம் கிழிந்துபோன மூன்று தாள்களுக்கு எதையும் கழிக்காமல், 'ஓரக் குறிப்பு இல்லை, திருத்தப்படவில்லை' என்று எழுதியிருக்கிறேன். ஊகித்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

மாணவிகள் இருவரையும் திரும்பக் கூப்பிட்டேன். இந்த முறை கணினிக்கு முன்னால் உட்கார வைக்கவில்லை. 58 ஜே/9-ஐ மேசையில் விரித்து, ஓரத்தில் இருக்கும் எண்களை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். 'எழுபத்தெட்டு டிகிரி முப்பது நிமிடம்.' ஒரு மணிக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டேன். அறுபது என்றார்கள். அப்படியானால் முப்பது நிமிடம் என்றால் என்ன என்றேன். ஒருத்தி 'அரை' என்று சொல்லிவிட்டு, உடனே 'ஐயோ, புள்ளி ஐந்து!' என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கப்புறம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிவப்பாக மாறும் எக்ஸெல் சோதனையையும் அவர்களே போட்டார்கள்.

முதல் 40 பதிவுகளும் திருத்தியாகிவிட்டன. பாடத்துக்கு விரித்த 58 ஜே/9 தவிர, அவற்றில் ஒரு தாளையும் அலமாரியிலிருந்து மறுபடி எடுக்க நேரவில்லை. 58 ஜே/9 போல் எண்ணிட்ட தாள்களின் எல்லையை எண்ணிலிருந்தே கணக்கிட்டுவிடலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. 58 என்ற பெருங்கட்டம் 4 டிகிரிக்கு 4 டிகிரி. அது 16 எழுத்துகளாகப் பிரிகிறது. ஒவ்வோர் எழுத்தும் 16 எண்களாகப் பிரிகிறது. வடமேற்கு மூலையில் தொடங்கி, ஒரு நெடுவரிசை கீழே இறங்கி முடிந்ததும் அடுத்த நெடுவரிசை. தாள் எண்ணைக் கொடுத்தால் நான்கு எல்லையையும் தரும் சூத்திரத்தை மாணவிகளே எழுதிவிட்டார்கள். காகிதத்தைத் தொட வேண்டியது 1880களின் தாள்களுக்கு மட்டும்தான், அவை இந்த எண் முறைக்கு முந்தையவை. அந்தச் சூத்திரம் வேண்டும் என்பவர்கள் இங்கேயே கேளுங்கள், பகிர்ந்துகொள்கிறேன்.

நேற்று மாலை முசிறியைத் திரையில் தொட்டேன். 58 ஜே/5 வந்தது. அதோடு, அதே இடத்தை அடக்கிய ஒரு கால் அங்குலத் தாளும் வந்தது. பெரியவர் வந்த அன்று இப்படி ஒன்று எங்களிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. அலமாரியைத் திறந்து எடுத்துப் பார்த்தேன். ஏரி அதிலும் இருக்கிறது, கரை இன்னும் தெற்கே இறங்கியிருக்கிறது. அவர் விட்டுப்போன தொலைபேசி எண் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. நாளைக் காலை கூப்பிடப் போகிறேன்.